சரோ அக்கா ரெண்டுதரம் அமத்துறவா

செவ்வாய், இரவு.

நான் செய்து குடுத்த பம்ப் கன்ட்ரோலர் கண்டாவளை வயலில இண்டைக்கும் நிண்டுபோச்சு. வீட்டு மேசையில எத்தினை தரம் போட்டாலும் நிக்காத சாமான். விசர் பிடிச்சு வயலுக்கே போனன்.

வயல்காரி சரோ அக்கா எப்பிடிப் போடுறா எண்டு பக்கத்தில நிண்டு பார்த்தன். பட்டனை ஒருக்கா மெல்லமா அமத்தினா. உடன திரும்ப இறுக்கி அமத்தினா. கன்ட்ரோலர் பெட்டி செத்துப்போச்சு.

"ஏனக்கா ரெண்டுதரம்?" எண்டன்.

"முதல் ஒருக்காச் சும்மா இழுத்துவிட்டாத்தானே பிள்ளை மெசின் ஸ்டார்ட் வரும்."

கயிறு இழுக்கிற மண்ணெண்ணெய் மெசின்ர பழக்கம். முதல் அமத்தலுக்கு சென்சரை வாசிக்கிற புரோகிராம் எழும்பிக்கொண்டிருக்கேக்கையே ரெண்டாவது வந்து அதை விழுத்துது. நான் மேசையில ஒருநாளும் ரெண்டுதரம் அமத்தினதில்லை.

"இனி ஒருக்கா மட்டும் அமத்துங்கோ" எண்டு சொன்னன். "ஓம் பிள்ளை" எண்டுபோட்டு ரெண்டுதரம் அமத்தினா.

பெட்டியைக் கழட்டிக்கொண்டு வீட்டை வந்து, அவசரத்துக்கு, ரெண்டாவது அமத்தலை மட்டும் கணக்கெடாத மாதிரி புரோகிராமை மாத்தினன். ரெண்டுதரம் அமத்திப் பார்த்தன். நிக்கேல்லை. நாளைக்குக் கொண்டுபோய்ப் பூட்டலாம்.

லைட்டை நூத்துப்போட்டுப் படுத்தாப் பிறகுதான் யோசனை வந்தது. மெசின் ஸ்டார்ட் வராட்டி அவா கயிறை எத்தினை தரம் இழுக்கிறவா எண்டு நான் கேட்கேல்லை.