பட்டையில் கோளாறு

சின்னவளின் அப்பாவுக்கு,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அவர் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தார்களா? தைத்துத் தைத்துக் கை ஓய்ந்துவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும்.

மன அழுத்தம் பார்க்கவென்று கம்பெனியில் மாட்டிவிட்ட கைப்பட்டையை வீட்டிலும் கழற்றக் கூடாதே. படபடப்பு வந்தால் அதிரும்; கம்பெனியிலும் பதிவாகும். மெஷின் முன்னால் அதிராது; சாயங்காலம் நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அதிரும். பட்டையில் கோளாறு என்றீர்கள்.

இன்று கம்பெனியில் மேடம் கூப்பிட்டார். "பத்து நாளா ஒரு தடவைகூட அதிரலையே! அப்படி என்னம்மா பண்றே? மத்தவங்களுக்கும் சொல்லேன்."

"ஒண்ணும் பண்ணலை மேடம்" என்றேன்.

சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அக்காவுக்கு நன்றாக நடை வரட்டும். கூட இருந்து பார்த்துவிட்டு மெதுவாக வாருங்கள்.

‘வாருங்கள்’ என்று எழுதும்போதே அதிர்கிறது. கோளாறுதான்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா