நாலடி நடந்தால்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், சளிகூட இல்லை. உன் முட்டிவலி தேவலையா? அப்பா கண்ணாடியை மாத்திட்டாரா? எனக்கு இன்னைக்குத் தலைகால் புரியலைம்மா!

எங்க பொருளாதாரத் துறையில நான் ஒருத்திதான் பெண் விரிவுரையாளர்னு உனக்குத் தெரியும். துறைத் தலைவர் பத்து வருஷமா காய்கறி விலையைச் சேகரிச்சு, குடும்பச் செலவு எவ்வளவு ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்றார். நேத்து கூட்டத்துல அதைப் படிச்சார். எல்லாமே கடைக்காரர் முதல்ல சொல்ற விலை! அந்த விலைக்கு யாராவது வாங்குவாங்களா? "ஐயா, வேண்டாம்னு நாலடி நடந்து பார்த்தீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பன்னிரண்டு பேராசிரியர்ல ஒருத்தர்கூடக் காய் வாங்கக் கடைக்குப் போனதில்லை!

இன்னைக்குத் தலைவர் கூப்பிட்டு, "சரியான விலையை நீயே எடுத்துக் கொடும்மா, கட்டுரையை என் பேர்ல போட்டுக்கறேன்"னார். "வேண்டாங்க ஐயா"ன்னு நோட்டை எடுத்துக்கிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். நாலாவது அடியில, "சரி சரி, உன் பேரையே முதல்ல போடு"ன்னார்!

என் சின்ன வயசுல நீ கடையில அப்படி நடந்து, கடைக்காரர் விலையைக் குறைச்சுத் திரும்பக் கூப்பிடும்போதெல்லாம் வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சேனே, மன்னிச்சுடு.

உன் பழைய துணிப்பை ஒண்ணு அனுப்பு. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு எழுது, தினமும் மிஞ்சுது. தபால்பெட்டி திறக்க ஆள் வந்தாச்சு.

என்னை ரயிலேத்திவிட்டு நீ திரும்பியே பார்க்காம நடந்தே. நாலாவது அடியில நான் கூப்பிட்டிருக்கணும்மா.

அவசரத்தில்,
உன் பொண்ணு