மஞ்சளை வாங்கியவர்கள்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் கிளினிக்கை மூடுகிறாராம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் தொங்கிய என் பெரிய மஞ்சள் ஓவியத்தை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். என் படங்களை விற்றுத்தரும் ஓவியக் காலரிக்காரர் போனில் சொன்னார், சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

"ஏலத்துல யாரும் கேக்கலைன்னா, அப்புறம் உங்க படத்தை யார்கிட்டயும் நீட்ட முடியாது மேடம். விலை போகாம திரும்பி வந்ததுன்னு பேராயிடும்."

நான் வரைவது ஒரே நிறம், ஆளுயரத்துக்கு மேல். ஓரத்தில் மட்டும் இன்னொரு நிறம் எட்டிப் பார்க்கும். இத்தனை வருஷப் பிழைப்பு இப்போது ஒரு பல் டாக்டர் கையில்.

மார்ச் 6

அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் பெயிண்ட் கடை. என் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், "முதல் கோட் நல்லா வந்திருக்கு, ரெண்டாவது எப்போ?" என்பார். இன்று கேலி இல்லை. "யாருமே கேக்கலைன்னா என்ன பண்ணுவே?" என்றார். வேறு வேலை தேடணும் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு யாருக்கோ வெள்ளை கலந்து கொடுக்கப் போனார்.

மார்ச் 11

பச்சை ஒன்று தொடங்கினேன். பிடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஏலம். வரைந்தவர்கள் நேரில் போவதில்லை. போனால் பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கும். வீட்டில் பிரஷ் கழுவினேன். சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினேன்.

சாயங்காலம் போன். எதிர்பார்த்த விலைக்கு நான்கு மடங்கு! போனிலேயே இரண்டு பேர் விடாமல் மோதினார்களாம். என் படத்துக்கு! உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 15

அந்த இரண்டு பேரில் ஒருவர் அண்ணன். கடைசியில் படத்தை வாங்கியதும் அவரே.

கொடுத்தது மாடியில் ஓர் அறை கட்டச் சேர்த்த பணம். "ஒருத்தன் விடவே இல்ல. அப்போ இதுல ஏதோ விஷயம் இருக்குன்னு நானும் விடல" என்கிறார், பெருமை வேறு. அண்ணி அவரிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறார்.

மார்ச் 17

இன்னொருவர் யார் என்று காலரிக்குப் போய்க் கேட்டேன். காலரிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"விலை விழுந்துடக் கூடாதுன்னு நான்தான் ஒரு ஆளை வச்சுக் கேட்டேன். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்யுறதுதான். எதிர்ல இருந்தவர் ஏத்திக்கிட்டே போனாரு, நமக்கு நல்லதுதானேன்னு நானும் ஏத்தினேன். அவராவது நிஜமான ஆளு மேடம். சந்தோஷப்படுங்க."

அந்த நிஜமான ஆள் என்னோடு பிறந்தவர் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

ஆக, படம் யாருக்குமே வேண்டாம். விலை மட்டும் ஏறியிருக்கிறது. ச்சே, இதுக்கா அழுதேன்?

மார்ச் 20

படம் அண்ணன் வீட்டுக்கு வந்தது. வாசலில் நுழையாமல், கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அதுதான். "இதுக்குப் பேசாம சுவத்துக்கே மஞ்சள் அடிச்சிருக்கலாம். கடையில டின் சும்மாதானே கிடக்கு" என்றார் அண்ணி. பேசிவிட்டார், அந்த மட்டில் நல்லது.

ஏப்ரல் 9

காலரியில் தூங்கிக்கொண்டிருந்த என் மூன்று படங்களும் விற்றுப்போய்விட்டன. வாங்கியவர்கள் படத்தைப் பார்த்தார்களா, தெரியாது. ஏலத்தில் போன விலையைப் பார்த்தார்கள்.

மே 2, வெள்ளி

பெரிய மஞ்சளையே கேட்டு ஒருவர். அண்ணன் கொடுத்ததற்கு மேலேயே தருகிறாராம். காலரிக்காரர் அவரை அண்ணன் வீட்டுக்கு அழைத்து வந்தார். நானும் போனேன். வந்தவர் ஒரு பார்வை பார்த்தார், நீள அகலம் கேட்டார். அண்ணன் அதற்குள் மாடி அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று பேசத் தொடங்கிவிட்டார்.

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். "இது விக்கிறதுக்கில்ல."

"அப்போ மாடி?" என்றார் அண்ணன்.

"மாடி மெதுவா வரட்டும். சாயங்கால வெயில் இறங்குறப்போ அந்த ஓரத்துல மஞ்சள் நகருது. தினமும் உக்காந்து பாக்குறேன். கடையிலயே கிடக்குற உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

காலரிக்காரர் காது கேட்காதவரிடம் சொல்வதுபோல் விலையை இன்னொரு முறை சொன்னார். "கேட்டுச்சு" என்றார் அண்ணி.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ஓரத்துக்கு மட்டும் எவ்வளவு நாள் ஆச்சு உனக்கு?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நாலு மாசம் என்றேன்.

"தெரியுது" என்றார்.