ஃபிரிட்ஜில் தூங்கிய ஆமை

அன்புள்ள அம்மாவுக்கு மேவிஸ் எழுதுவது. முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இந்த வீட்டு ஆமை ஹம்ஃப்ரி பிழைத்துக்கொண்டது. எப்போதும்போல் குளிர்காலம் முழுக்கத் தூங்க, அதற்கென்று உள்ள ஃபிரிட்ஜில் பெட்டியோடு வைத்திருந்தோம். கிறிஸ்துமஸுக்கு வந்த எஜமானியம்மாவின் மகன் ஜைல்ஸ் அதற்குள் ஷாம்பெயினை அடுக்கி, குளிரட்டும் என்று குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டான். மறுநாள் காலை ஆமைக்குக் காற்று போகக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். குளிரில் அதன் கண்கள் இரண்டும் போய்விட்டன.

மிஸஸ் ஆஷ்வர்த் மகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஃபிரிட்ஜைப் பாத்துக்கிறவ நீதானே மேவிஸ், ராத்திரியே ஒரு தடவ பாத்திருக்கக்கூடாதா?" என்று என்னைத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, விளக்கடியில் காயவைக்கிறேன். நேற்று ஒரு மஞ்சள் பூவை மூக்கருகே பிடித்தேன். மோந்து பார்த்துக் கடித்தது. மிஸஸ் ஆஷ்வர்த் நீட்டியபோது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"உன் கைக்குத்தான் பழகியிருக்கு. ஈஸ்டருக்கு நீ ஊருக்குப் போயிட்டா இது பட்டினி கெடக்கும். லீவை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

என் மகள் ஹெட்டி யார் கைக்குப் பழகியிருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

தபால்காரர் வரும் நேரமாகிவிட்டது. ஹெட்டியிடம் ஆமை சாப்பிட்டதை மட்டும் சொல்லுங்கள். அவளுக்கு இங்கிருந்தே கவுன் தைத்து அனுப்புகிறேன். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நூலால் அளந்து, அந்த நூலை உறையில் வைத்து அனுப்புங்கள்.

மேவிஸ்