ஒன்றும் காணாத நாளையும் எழுதுகிறவளுக்கு

மிச்சம்,
லண்டன்,
28.07.1994

அன்புள்ள மகள் அஞ்சலீனாவுக்கு,

அம்மா நல்ல சுகமாக இருக்கிறேன். கடிதத்தின் தலைப்பில் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, உண்மையான சுகம். நேற்றுக்கூட முன்னறை யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டுத் திரும்பவும் கொழுவினேன், நெஞ்சு நோகவும் இல்லை தலை சுற்றவும் இல்லை. நீயும் மாதாவின் காவலில் சுகமாகவும் கால் ஈரமாகாமலும் இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வாசித்தவுடன் எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கிறகோரி மாமா உனக்கு வருகிற செய்தியை எடுத்து வைக்கிற அந்தத் துறைமுகக் கடைக்குப் போன் எடுத்து, உன் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், ஓகஸ்ட் பதினாலுக்கு முன் வந்து சேரவேண்டும் என்று சொன்னாராம். நீ பதறிப்போய், அம்மா நீங்கள் ஒரு சொல் எழுதினால் போதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கோடை முடியும்வரை ஒரே ஆள் இருந்து கடலைப் பார்த்தால்தான் அந்தத் திமிங்கிலப் பதிவு செல்லும், நடுவில் எழும்பி வந்தால் இரண்டு வருட உழைப்பும் போய் வேலையும் போய்விடும் என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய், அதையும் பார்த்தேன். நீ கேட்ட ஒரு சொல் இதுதான். வராதே. இந்தக் கடிதம் பிந்திவிடும் என்று பயந்து திங்கட்கிழமையே அந்தக் கடைக்கு நானும் எடுத்தேன். என்னுடைய இங்கிலீசு உனக்குத் தெரியும், நோ கம், மதர் வெரி வெல், அங்கிள் லையர் என்று மூன்று தரம் சொன்னேன். அந்தக் கடை மனுசி சிரிக்காமல் எழுதியெடுத்துத் திருப்பி வாசித்துக் காட்டினாள், நல்ல பெண்.

மாமாவைத் திட்டி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அந்தப் பொய்க்கு அத்திவாரம் போட்டவள் நான். போன வருடம் நீ பாங்கு வேலையை விட்டுவிட்டுக் கனடாவின் பசிபிக் கரையில் திமிங்கிலம் பார்த்துப் பதிகிற வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது நான் எயாப்போட்டுக்குக்கூட வரவில்லை. அங்கே நீ காண்கிற ஒன்றையும் எனக்கு எழுதாதே, வெட்கக்கேடு என்று சொன்னேன். சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் நினைவிருக்கும். பிறகு மோர்டனில் தமிழ்ப் பூசைக்குப் போகிற நேரமெல்லாம் மகள் எங்கே மகள் எங்கே என்று கேட்க, கனடாவில் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை செய்கிறாள் என்று ஒருத்திக்குச் சொன்னேன். ஒரு பொய்யோடு விட்டார்களா, இல்லை. கந்தோர் எத்தனையாம் மாடி என்றார்கள், ஏழு என்றேன். கார் வாங்கிவிட்டாளா என்றார்கள், ஓம் நீலக்கார் என்றேன். உனக்குக் கார் ஓட்டவே தெரியாது. அந்த நீலக்காரைப் பார்த்துத்தான் ஹரோவில் இருந்து டொலறஸ் அக்காவும் அவளுடைய மனிசன் செபமாலையும் தங்கள் மகனுக்குச் சம்பந்தம் கேட்டார்கள். மகன் டொரொண்டோவில் கணக்காளர். மாமாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், "மாப்பிளையும் கனடா, பொம்பிளையும் கனடா, பின்னேரத்திலை வேலை முடிய ரெண்டுபேரும் ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கலாம்" என்றார். நானும் எங்கள் மிச்சத்துக்கும் பக்கத்து மோர்டனுக்கும் பஸ் ஓடுகிற மாதிரி நினைத்துத் தலையாட்டினேன். பக்கத்துவீட்டுத் தவமலர்தான் தன் மகனுடைய பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்து, அந்தத் தேத்தண்ணி குடிக்க ஐந்து மணித்தியாலம் பிளேனில் போகவேண்டும் என்று காட்டினாள். மாமாவுக்குச் சொன்னேன், கலியாணம் முடிந்தால் தூரம் குறையும் என்றார். ஓகஸ்ட் பதினாலில் பொம்பிளை பார்க்க நாள் வைத்திருக்கிறேன், மகளை வரச்சொல்லிக் கேட்கிறேன் என்று அவர் சொன்னபோதும் பேசாமல்தான் இருந்தேன். எனக்கு நெஞ்சு வருத்தம் வரவைத்துக் கேட்பார் என்று யார் கண்டது.

போன ஞாயிறு பின்னேரம் டொலறஸ் அக்காவும் செபமாலை அண்ணையும் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நீ சீலை உடுத்த படம் ஒன்று எடுத்துவை என்று மாமா சொல்லிவிட்டதால் சனிக்கிழமை காலையில் அலுமாரி லாச்சியைக் கிளறினேன். அடியில் உன் நான்கு பெரிய கடித உறைகளும் ஒட்டினபடியே கிடந்தன. எழுதாதே என்று சொன்ன பிறகும் போன கோடையில் மாதத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறாய், அந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒருவருடம் திறக்காமல் வைத்திருந்தேன் மகள். அதை எழுதுகிறபோது எனக்கு வெட்கமாக இருக்கிறது. படம் இருக்கலாம் என்றுதான் திறந்தேன், பாசத்தில் திறந்தேன் என்று பொய் எழுதமாட்டேன். படம் இருந்தது. மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுத் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக் கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்க ஒரு பாறையில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பாங்கில் வேலை செய்த நாலு வருடத்தில் அப்படி நீ சிரித்து நான் காணவில்லை. மிச்சப் படமெல்லாம் திமிங்கிலச் செட்டைகள். கறுப்புத் தண்ணீரில் கறுப்பு முதுகுச் செட்டை, ஒன்றில் நுனி வெட்டுப்பட்டது, ஒன்று வளைந்தது, ஒவ்வொன்றுக்கும் அடியில் சாம்பல் பூசின மாதிரி ஒரு அடையாளம். அந்த வெட்டையும் அடையாளத்தையும் பார்த்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிப்பீர்களாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் உன் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழில் எழுதியிருந்தாய். இது தாய். இது மகள். இது மகன், இருபத்திரண்டு வயது, இன்னும் தாயின் பக்கத்தில்தான். இவர்கள் வீட்டில் தாய் போகிற பக்கம்தான் எல்லாரும் போகவேண்டும், உங்களுக்குப் பிடிக்கும் அம்மா. அதை வாசித்து நான் தனியே இருந்து சிரித்தேன். டொல்பின் என்று நீ எழுதினதை எங்கள் பக்கம் ஓங்கில் என்று சொல்வோம், அதையும் குறித்து வை. ஒரே நேரத்தில் முந்நூறு ஓங்கில் குதித்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறாய், வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

உன்னை நம்பினதற்குக் காரணம் அந்தத் தாள்கள். நாளுக்கு ஒரு தாள், நேரம், காற்று, கடல் எப்படி, எத்தனை, எந்தப் பக்கம் போனது, நிச்சயமா சந்தேகமா என்று கட்டம் கட்டமாக. நீ அதிகமாகச் சந்தேகம் என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டிருக்கிறாய். ஆடி மாதம் பதினேழாம் திகதித் தாளை எடுத்தேன். காலை ஏழு மணி, பனிப்புகார். ஒன்பது மணி, புகார், மழை. மாலை ஆறு மணிவரை இப்படியே போய்க் கடைசியில் ஒன்றும் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறாய். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். பதினொரு மணித்தியாலம் மழையில் இருந்த பிள்ளை, யாரும் பார்க்காத இடத்தில், ஒரு திமிங்கிலத்தைச் சும்மா எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள். நீ எழுதவில்லை. இங்கே தாய்க்காரி நான் கோயில் வாசலில் நின்று நீலக்கார் ஓட்டுகிறேன். அன்றைக்குத்தான் மகள், உன்னைப் பற்றி இனிமேல் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று முடிவு எடுத்தேன்.

ஞாயிறு நாலு மணிக்கு வந்தார்கள். றோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன், உழுந்துவடையும் கேக்கும் இருந்தது, மாமா புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தானே வீட்டுக்காரன் மாதிரிக் கதவைத் திறந்தார். செபமாலை அண்ணை முதல் றோல்சைக் கடித்துக்கொண்டு, "பிள்ளையின்ரை கந்தோரிலை எத்தினைபேர் வேலை செய்யினம்" என்று கேட்டார். மாமா வாயைத் திறக்கமுன் நான் எழும்பிப்போய் உன் படங்களையும் தாள்களையும் கொண்டுவந்து தட்டுகளைத் தள்ளிவிட்டு மேசையில் பரப்பினேன். என் மகளுக்குக் கந்தோர் இல்லை, பாறைதான் இருக்கிறது, கார் இல்லை, நான் சொன்னது பொய், அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்து திமிங்கிலமும் ஓங்கிலும் வருகிறதைப் பதிகிறாள், இதுதான் அவளுடைய வேலை என்று சொன்னேன். செபமாலை அண்ணை சிரித்து, "மீன் எண்ணுற வேலையோ" என்றார். மீன் இல்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உயிர், உங்களுக்குத் தெரியாவிட்டால் என் மகளிடம் கேட்டுப் படிக்கலாம் என்றேன். "கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையை விட்டிடுவாதானே" என்று கேட்டார். விடமாட்டாள், விடச்சொல்லி நானும் கேட்கமாட்டேன் என்றேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கென்ன விசரே, நாங்கள் கடலை விட்டு வந்து மரியாதையா இருக்கிறம், இவள் திரும்பவும் போய்க் கடற்கரையிலை குந்தியிருக்கிறாள், அதை வேறை படம் காட்டுறாய்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எங்களைப் பெற்ற அப்பு கடல் தொழிலுக்குப் போனவர், வலை இழுத்த கையாலேதான் உங்களையும் என்னையும் படிப்பித்தவர், அதை இந்த லண்டனில் பதினோரு வருடமாக ஒளித்தது போதும் என்றேன். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு இருந்துவிட்டார்.

டொலறஸ் அக்கா மட்டும் இவ்வளவு நேரமும் ஒரு படத்தை எடுத்துத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது மகன் தாயோடு நிற்கிற படம். "இது மெய்யோ மெற்றில்டா" என்று கேட்டாள். என் மகள் சந்தேகமென்றால் சந்தேகம் என்று எழுதுகிறவள், இதில் அப்படி எழுதவில்லை என்றேன். "எங்கடையவன் போன நத்தார்ப் பண்டிகைக்கும் வரேல்லை" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு செபமாலை அண்ணை எழும்ப அவளும் எழும்பினாள். அந்தப் படத்தைக் கேட்காமலே கைப்பைக்குள் வைத்ததை நான் கண்டேன், காணாத மாதிரி இருந்தேன். ஆகையால் அந்தப் படத்தில் இன்னொன்று எடுத்து வை. சம்பந்தம் முடிந்தது. மாமா இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தநாள் காலையில் வாசற்படியை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சனம் கதைக்கிறது, செவ்வாய்க்கிழமைப் பூசையில் இரண்டுபேர் இடம் மாறி இருந்தார்கள், எனக்குக் கோயில் வாங்கில் இருக்க இடம் விசாலமாக இருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று முன்னமெல்லாம் யோசிப்பேன். இந்த முறை யோசிக்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. நான் சமைக்கிற பள்ளிக்கூடக் குசினி செத்தெம்பர்வரை பூட்டு. பிரிட்டிஷ் பாஸ்போட் வந்து மூன்று வருடமாக அலுமாரிக்குள் கிடக்கிறது, ஒருநாளும் அதற்கு வேலை கொடுக்கவில்லை. தவமலர் வேலை செய்கிற டிக்கற் கடையில் ஓகஸ்ட் பதின்மூன்றுக்கு வன்கூவருக்குப் போட்டுவிட்டேன். பதினாலாம் திகதி மகளும் தாயும் ஒரு இடத்தில் நிற்கவேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார், நிற்போம், உன்னுடைய பாறையில். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போக வரவேண்டாம், பாறையை விட்டு ஒருநாளும் எழும்பக்கூடாது, எந்த பஸ் எந்தப் படகு என்று மட்டும் விவரமாக எழுது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வருவேன். மழைக்கோட்டு வாங்கிவிட்டேன். மிளகாய்த்தூள் கொண்டுவருகிறேன், அங்கே நீ என்ன தின்கிறாய் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். தலைமயிரை அதற்குமேல் வெட்டாதே. ஈரக் காலுறையோடு இருக்காதே. நான் வந்து நிற்கிற நாட்களில் திமிங்கிலமோ ஓங்கிலோ ஒன்றுகூட வராவிட்டால் அம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று நீ மனம் வருந்தாதே. தாளை என்னிடம் தா. ஒன்றும் காணவில்லை என்று என் கையாலேயே எழுதி உனக்குப் பக்கத்தில் கையெழுத்து வைக்கிறேன்.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் மகள், இதைப் போன வருடம் எயாப்போட்டில் சொல்லியிருக்கவேண்டும். வியாகுல மாதா உன் கண்ணையும் கால்களையும் காப்பாற்றுவாள், நீ பார்க்கிற அந்தத் தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றட்டும் என்று ஒரு செபம் கூட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறவாதே. மாமா திரும்பவும் அந்தக் கடைக்கு எடுத்து நான் செத்துப்போனேன் என்று சொன்னாலும், முதலில் எனக்கு எடுத்துக் கேள்.

இப்படிக்கு,
ஒரு வருத்தமும் இல்லாத உன் அம்மா,
மெற்றில்டா