மந்தம்னு எழுதாதே

மார்ச் 4

கண்ணான மகளுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சிட்டுவும் நல்லா இருக்கணும்.

போன்ல நீ அழுத அழுகையில ஒண்ணுதான் புரிஞ்சுது. சிட்டுக்குக் காது மந்தம்னு டாக்டரம்மா எழுதிட்டாங்களாம். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனா மந்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு வயிறு மந்தம்னா ஒரு வேளை பட்டினி போட்டாச் சரியாகுது. போன மாசம் நம்ம தையல் கடையில வியாபாரம் மந்தம். இந்த மாசம் சீருடை தைக்க ஆள் நிக்குது. மந்தம்னா மெதுவா வரும்னு அர்த்தம். வராதுன்னு இல்லை.

இங்கே இருந்த மூணு மாசமும் அவ என் மிஷினுக்குப் பக்கத்துலதானே படுத்திருந்தா? நான் பெடலை மிதிச்சதும் டக்குன்னு தலையைத் திருப்புவா. அவளுக்கா காது மந்தம்? உங்க டாக்டரம்மாவுக்குத்தான் புத்தி மந்தம்.

கைக்குழந்தையிலேயே சேர்க்கணும்னு சொன்னாங்களே, அந்தக் காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுடாதே. ஒரு தடவை எழுதிட்டா காலத்துக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கும்.

உன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இது நீ சொல்கிற மந்தம் இல்லை அம்மா. வலது காதில் கொஞ்சம் கேட்கிறது. இடது காதில் அதுவும் இல்லை. இருப்பதும் போகப் போகக் குறையுமாம். காத்திருந்தால் சரியாகிற விஷயம் இல்லையாம்.

மிஷின் விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நம்பிக்கையோடு சொன்னேன். "பிள்ளை எங்கே படுத்திருந்தாள்?" என்று கேட்டார். "தரையில்தான்" என்றேன். அவர் என் கையை எடுத்து மேஜைமேல் வைத்து, மேஜையின் மறுபக்கம் விரலால் தட்டினார்.

இருபத்தெட்டாம் தேதிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். உன் மாப்பிள்ளை போடு என்கிறார். நீ வேண்டாம் என்று எழுதியிருப்பதால் எனக்குப் பேனா ஓடவில்லை.

உன் பெரியவள்

மார்ச் 22

கண்ணு,

உன் கடிதத்தை ரெண்டு நாள் திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்புறம் கடைக் கதவைச் சாத்திட்டு, ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டு, சிட்டு படுத்த இடத்துல போய்ப் படுத்தேன். உங்கப்பாவை மிஷினை மிதிக்கச் சொன்னேன். "வயசான காலத்துல இதென்ன கூத்து"ன்னு திட்டினதாப் பின்னாடி சொன்னார். எனக்கு எங்கே கேட்டுச்சு? வாய் அசைஞ்சுது, அவ்வளவுதான்.

மிதிச்சார். தரையிலிருந்து கன்னத்துல குறுகுறுன்னு ஏறுச்சு. நானே தலையைத் திருப்பிட்டேன்டி.

பஞ்சை எடுக்க மனசு வரலை. அந்த மூணு மாசமும் மிதிச்சுக்கிட்டே அவளுக்குத் தாலாட்டு பாடினேன். என் பாட்டுக்குத்தான் பேத்தி திரும்புறான்னு துணி குடுக்க வந்தவங்ககிட்ட ஒருத்தர் விடாம சொல்லிப் பெருமையடிச்சேன்.

இனி என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கலை. கையெழுத்தைப் போட்டுடு. மந்தம்னே எழுதிக்கட்டும்.

அவளைக் கட்டில்ல படுக்கப் போடாதே. தரையிலயே போடு. கிட்டப் போகும்போது காலை அழுத்தி வச்சு நட. அம்மா வர்றான்னு பிள்ளைக்குத் தெரியட்டும்.

அம்மா