கட்டு முழுக்க ஒரே மழை

டீச்சர்,

இன்று நான் தமிழ்த் தாள் திருத்தினேன். சிரிக்காதீர்கள். கணக்கு டீச்சர் கையில் தமிழ்த் தாளைக் கொடுக்கிற அளவுக்கு நம் பள்ளிக்கூடம் வந்து நிற்கிறது. தமிழ் டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. அதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. தலைமையாசிரியை பத்தாம் வகுப்புக் கட்டைத் தூக்கி வந்து என் மேசைமேல் வைத்து, "தமிழ்தானே டீச்சர், விடைக்குறிப்பு உள்ளயே இருக்குது, பாத்து டிக் அடிச்சுட்டுப் போயிட்டே இருங்க" என்றார். அந்தத் 'தமிழ்தானே'யைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டைப் பிரித்தேன்.

ஆயா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஓசூர்க் குளிர்தான் உங்களுக்குத் தெரியுமே, டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்த நிமிடம் பச்சைத் தண்ணீர். ஆனால் இன்று ஒரு கையால் டிக் அடித்துக்கொண்டே இன்னொரு கையால் குடித்து முடித்தேன். கடைசி வாய் வரை சூடாகவே இருந்தது. காலி டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். அதற்குப் பிறகு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்கள் மார்க் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சேலத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் அதை உங்களிடம் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "கணக்குல ஸ்டெப்புக்கு ஸ்டெப் மார்க் உண்டு. விடை தப்பானாலும் எதுக்குக் குறைச்சேன்னு நான் சொல்லுவேன். நீங்க கட்டுரைக்கு ஆறு போடறீங்க, எட்டு போடறீங்க, எதை வச்சுப் போடறீங்க?" என்று கேட்டேன். நீங்கள் முந்தானையை இழுத்துத் தலைமேல் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பொறுப்பான முகத்தோடு சொன்னீர்கள்: "படிக்கறப்ப டீ குடிக்க மறந்துட்டேன்னா ஏழு. டீ ஆறிப்போச்சுன்னா எட்டு. ஆடை படிஞ்சுபோச்சுன்னா ஒம்பது."

"பத்து?"

"டம்ளர்ல ஈ விழணும் டீச்சர்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு, அளக்கவே தெரியாத ஒரு பெண் என்று உங்களைப் பற்றி வீட்டில் போய்ச் சொன்னேன்.

நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு தட்டிதான். தாள் திருப்பிக் கொடுக்கும் நாளில் என்னால் இந்தப் பக்கத்தில் பாடம் நடத்தவே முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் தாளிலிருந்தும் ஒரு வரியை எடுத்து உரக்கப் படிப்பீர்கள். முட்டை வாங்கியவளின் தாளிலிருந்தும் படிப்பீர்கள். அப்படி ஒரு வரி கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மார்க்கே போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்து, "போய் ஒரு வரி எழுதிக்கிட்டு வா, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்பீர்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். தப்புத் தப்பாகத்தான் எழுதுவார்கள். நீங்கள் படித்ததும் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் பிறகு நானே சாக்பீசோடு நின்று கேட்கத் தொடங்கினேன்.

மஞ்சுளாவின் தாள் வந்த நாளும் இப்படி ஓர் அரையாண்டுதான். தளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், சாமந்தி போடுகிற வீடு, வீட்டில் கன்னடம். 'மழை நாள்' என்று கட்டுரை கேட்டிருந்தீர்கள். நான் கணக்குத் தாளோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் டம்ளரில் ஆடை கெட்டியாகப் படிந்து, அதன்மேல் தூசியும் விழுந்திருந்தது. நீங்கள் தாளை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினீர்கள்.

'மழை வந்தால் எங்கள் வீட்டில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்ப்போம்.'

"மழை வந்தா விவசாயிக்கு சந்தோஷம்தானே, இதுல பாக்க என்ன இருக்குது?" என்றேன் நான், அசடு மாதிரி.

"பூத்து நிக்கற சாமந்தி மேல மழை விழுந்தா அவ்வளவுதான் டீச்சர். செடியிலயே கறுத்து அழுகிப்போயிடும். பெங்களூர் மார்க்கெட்டுக்கு ஒரு கூடை போகாது. ஆனா மழை வேணாம்னு ஒரு விவசாயி வாயால சொல்லுவானா? அதான் பிள்ளைங்க மூஞ்சியைப் பாக்குதுங்க."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முன்னுரை இல்லை. உட்தலைப்பு இல்லை. முடிவுரையும் இல்லை. ஒன்பது போட்டிருந்தீர்கள். "முடிவுரை கூட எழுதலையே?" என்றேன்.

"மழையே இன்னும் நிக்கலையே, அவ எங்க போய் முடிவுரை எழுதறது?"

அன்று நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு பொதுத்தேர்விலும் மழைதான் வந்தது. தேர்வு முடிந்து மஞ்சுளா வராந்தாவில் ஓடி வந்ததை நான் பார்த்தேன். "மிஸ், மழை வந்துச்சு மிஸ்! கேள்வியில மழை வந்துச்சு!" என்று உங்கள் கையைப் பிடித்துக் குதித்தாள். அப்படியே எழுதினேன் என்றாள், இன்னும் நிறைய எழுதினேன் என்றாள். நீங்களும் அவளோடு சிரித்தீர்கள். அவள் போன பிறகு உங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். ஆண்டுதோறும் தர்மபுரியில் விடைத்தாள் திருத்தப் போகிறவர் நீங்கள். அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னுரைக்கு இத்தனை, உட்தலைப்புக்கு இத்தனை, மேற்கோளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் மூச்சுவிடக்கூட இடம் கிடையாது. நேரத்துக்குள் கட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். யார் டீயும் ஆறாது.

மஞ்சுளாவுக்குக் கணக்கில் தொண்ணூற்றுக்கு மேல். தமிழில் மட்டும் ஐம்பதைத் தாண்டி ஏதோ. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் அப்போது பத்தாவது முடித்த பெண்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதி உண்டு, சம்பளம் உண்டு. எல்லாப் பாடத்திலும் அறுபது வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவளோடு படித்த பிள்ளைகள், கணக்கில் அவளைப் பார்த்து எழுதியவர்கள், நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஆலைப் பேருந்தில் ஏறினார்கள். இவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அப்பா வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"நான் சண்டைக்கு வரல மேடம். பேஜாரு பண்ணிக்காதீங்க. கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். சொந்தமா எழுதினா மார்க்கு கம்மியா? மொதல்லயே தெரிஞ்சிருந்தா, புஸ்தகத்துல இருக்கறதையே எழுதுன்னு நானே சொல்லியிருப்பேன்ல."

நீங்கள் எழுந்து நின்றீர்கள். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். "உங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதியிருந்தா. மழை வந்தா நாங்க வானத்தைப் பாக்க மாட்டோம், அப்பா முகத்தைப் பாப்போம்னு எழுதியிருந்தா" என்றீர்கள்.

அவருக்கு அது அதுவரை தெரியாது.

"என் மூஞ்சியைப் பத்தியா எழுதினா?" என்றார். பிறகு மெதுவாக, "அதுக்கா மேடம் மார்க்கு போச்சு?"

என்ன பண்ணுவது என்று கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த தைக்குள் மஞ்சுளாவை ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதாக அவள் தோழிகள் சொன்னார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது. "எழுதிக்கோங்க. மழை நாள். முன்னுரை." நான் கரும்பலகையில் வகுத்தலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மழையின் சிறப்பு, மழையும் உழவரும், மழை நீரைச் சேமித்தல், முடிவுரை. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொன்னீர்கள். 'மழையும் உழவரும்' என்ற தலைப்புக்கு வந்ததும் குரல் நின்றது. பிறகு மஞ்சுளாவின் வரியைச் சொன்னீர்கள். யாரோ பின்தங்கிவிட்டாள் போலிருக்கிறது, மறுபடியும் ஒரு தடவை சொன்னீர்கள்.

இடைவேளையில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "அந்த வரியை ஏன் டீச்சர் அதுல கொண்டுபோய் வச்சீங்க?"

நீங்கள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "தலைப்புக்குக் கீழ இருந்தா அதுக்கு மார்க்கு உண்டு. தனியா வந்ததாலதான் இல்லாம போச்சு." உங்கள் குரலில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு உங்கள் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகள் எழுபது வாங்கினார்கள், எண்பது வாங்கினார்கள், ஆலைப் பேருந்தில் ஏறினார்கள். பெற்றோர் இனிப்பு கொண்டுவந்தார்கள். தலைமையாசிரியை கூட்டத்தில் உங்களைப் பாராட்டினார். நீங்கள் தாள் திருத்தும் வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கும். டம்ளரை ஆயா கீழே வைப்பதற்குள் காலி செய்துவிடுவீர்கள். ஒரு நாள் நானே வெட்கத்தை விட்டு, "ஏதாவது நல்ல வரி வந்துச்சா?" என்று கேட்டேன். "எல்லாம் நல்ல வரிதான், நான் சொன்னதுதானே" என்றீர்கள்.

பிறகு கிருஷ்ணகிரிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். பிறகு அந்த நோய். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடப் போகிற நேரம். உங்கள் மதினி எனக்காக ஒரு நொடி துணியை விலக்கிக் காட்டினார். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, யார் யாரோ பெண்கள் நடுவில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன். உங்களிடம் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். "மிஸ் குடுத்த கட்டுரை எல்லாம் இன்னும் வச்சிருக்கேன்" என்றாள்.

அவள் மட்டுமில்லை டீச்சர், ஊரே வைத்திருக்கிறது. இன்று கட்டைப் பிரித்து முதல் தாளில் 'மழை நாள்' கட்டுரையைப் படித்ததும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது தாளும் அதே, மூன்றாவதும் அதே. ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டியூஷன் நடத்துகிற இடத்தில் ஜெராக்ஸ் கொடுக்கிறார்களாம். "யார் எழுதினது?" என்றேன். "தெரியாது மிஸ், ஆனா இதை எழுதினா ஃபுல் மார்க்கு" என்றாள். பாவம், நல்ல பிள்ளை, பயந்துபோய்ச் சொன்னாள்.

கட்டு முழுக்க உங்கள் கட்டுரைதான். ஒரு கமா தப்பவில்லை. எந்தத் தாளிலாவது ஒரு வரி வேறாக இருக்காதா, தப்பாகவாவது இருக்காதா என்று கடைசித் தாள் வரை தேடினேன். இல்லை. டம்ளரில் ஈ விழுந்தது தெரியாமல் தமிழ் படிக்கிற ஒருத்தி இங்கே இருந்தாள் என்பதற்கு அந்தக் கட்டில் ஓர் அடையாளம் கிடையாது. நீங்கள் மனசு வெறுத்துப்போய்ச் சொன்னது மட்டும் தங்கிவிட்டது. உங்களுக்கா டீச்சர் இப்படி நடக்க வேண்டும்?

விடைக்குறிப்பில் இருந்தபடி எல்லோருக்கும் முழு மார்க் போட்டேன். வேறு எதைப் போட? ஒவ்வொரு தாளிலும் 'மழையும் உழவரும்' தலைப்புக்குக் கீழே அந்த வரி வந்தது. ஆலைக் குடியிருப்புப் பிள்ளை, வங்கி மேலாளர் மகள், மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மழை வந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் ஆசிரியர் அறை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு மஞ்சுளாவின் அப்பா வந்து நின்றார். அதுக்கா மேடம் மார்க்கு போச்சு என்று கேட்டார். எழுதிய பிள்ளைகள் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அன்று அந்த அறையில் இருந்தது நீங்களும் நானும்தான். இனிமேல் நான் ஒருத்திதான் டீச்சர்.